வரம்பிட்ட கை

2025 நவம்பரில் ரவீந்திர ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தான் ராயல்ஸுக்குக் கொடுத்து, சஞ்சு சாம்சனைச் சென்னை சூப்பர் கிங்ஸ் பெற்றுக்கொண்ட செய்தி வெளியான அன்று, ஆரணிப் பேருந்து நிலையத்தை ஒட்டிய ஒரு தேநீர்க் கடையில் நாங்கள் நால்வர் அமர்ந்திருந்தோம். கடையில் இரண்டு கட்சிகள். 2023 இறுதிப் போட்டியின் கடைசி இரண்டு பந்துகளில் ஆறும் நான்கும் அடித்துக் கோப்பையைக் கொண்டுவந்தவரை இப்படி அனுப்பலாமா என்று ஒரு கட்சி புலம்பியது. வயது, விக்கெட் கீப்பர் தேவை, ஏலக் கையிருப்பு என்று விரல்விட்டு எண்ணி நிர்வாகத்தின் கணக்கை மெச்சியது மற்றொரு கட்சி. அறிவிப்பில் இருந்த ஒரு வரியைப் பற்றி இரு கட்சியாரும் வாய் திறக்கவில்லை. ஜடேஜாவின் ஊதியம் 18 கோடியிலிருந்து 14 கோடியாக மாற்றப்படுகிறது என்பதே அந்த வரி. அணி மாறும்போதே ஒரு மனிதரின் கூலியிலிருந்து நான்கு கோடி ரூபாய் கழிந்திருக்கிறது. அது எவருக்கும் செய்தியாகவே படவில்லை.

அவர் சம்மதித்துத்தானே போனார் என்பார்கள். உண்மைதான், வீரரின் சம்மதமின்றி இத்தகைய மாற்றம் செல்லாது என்பது விதி. அந்தச் சம்மதம் என்ற சொல்லின் மீது எங்களுக்குள்ள ஐயத்தைச் சொல்லவே இதை எழுதுகிறோம். ஆரணியில் பிறந்தவர்களுக்கு அந்த ஐயம் வருவது இயல்பு.

இந்த ஊரிலும், தேவிகாபுரம், ஒண்ணுபுரம் போன்ற சுற்றுவட்டக் கிராமங்களிலும் பட்டுத்தறி ஓடும் முறையை அறியாதவர்களுக்காகச் சிறிது விளக்க வேண்டும். தறிக்காரர் முதலாளியிடமிருந்து பாவும் பட்டும் ஜரிகையும் பெற்று, சேலையாக நெய்து கொடுத்துக் கூலி வாங்குகிறார். மகளுக்குத் திருமணம் என்றோ, வீட்டில் ஒருவருக்கு அறுவைச் சிகிச்சை என்றோ வரும்போது முதலாளியிடம் முன்பணம் பெறுகிறார். அந்த முன்பணம் கூலியில் எளிதில் கழிவதில்லை. கணக்கேட்டில் அப்படியே நிற்கும். அது நிற்கும்வரை அவர் வேறொருவருக்கு நெய்ய முடியாது. அடுத்த தெரு முதலாளி சேலைக்குக் கூடுதல் கூலி தருவதாகச் சொன்னாலும், முதலில் பழைய முன்பணத்தை அடைக்க வேண்டும். பெரும்பாலும் புது முதலாளியே அதை அடைத்துவிடுவார். அன்றிலிருந்து அந்தத் தொகை இவருடைய ஏட்டில் நிற்கும். தறிக்காரர் முதலாளியை மாற்றினார் என்று ஊர் பேசும். முதலாளிகள் அவரை மாற்றிக்கொண்டார்கள் என்பதுதான் நடந்தது. இதிலும் சம்மதம் உண்டு, கையெழுத்து உண்டு. நெசவாளரின் வறுமையைத் தொ.மு.சி. ரகுநாதன் 'பஞ்சும் பசியும்' என்று 1953இலேயே நாவலாக்கினார். வறுமையை இரக்கத்தோடு வாசிக்கக் கற்ற தமிழ் இலக்கிய வாசகர்கள் - எங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறோம் - ஒப்பந்த விதிகளை வாசிக்கப் பழகவில்லை. விளையாட்டைப் பற்றி இங்கே எழுதுவானேன் என்று கேட்கும் நண்பர்களுக்கு எமது பதில் இதுவே.

சம்பள உச்சவரம்பு என்பது அமெரிக்கக் கூடைப்பந்திலிருந்து உலகம் கற்றுக்கொண்ட கருவி எனலாம். ஓர் அணி தன் வீரர்கள் அனைவருக்கும் சேர்த்து இவ்வளவுதான் செலவிடலாம் என்று ஒரு கோடு. என்.பி.ஏ. எனப்படும் அந்நாட்டுக் கூடைப்பந்துச் சங்கத்தில் இன்றைய வடிவிலான உச்சவரம்பு 1984-85 பருவத்தில் வந்தது. அப்போது அணி ஒன்றுக்கு 36 லட்சம் டாலர். 2025-26 பருவத்தில் அது ஏறத்தாழ 15.46 கோடி டாலர். ஒப்பந்தம் முடிந்த வீரர் எந்த அணியுடனும் பேசும் உரிமை பெறுகிறார். அவரைச் சுதந்திர வீரர் என்கிறார்கள். அவரை யார் அழைக்க முடியும் என்பதை ஆசையைவிட அதிகமாகக் கணக்கே தீர்மானிக்கிறது. வரம்புக்குக் கீழே இடம் வைத்திருக்கும் அணி அழைக்கும். இல்லாத அணி பார்த்துக்கொண்டிருக்கும். சொந்த வீரரைத் தக்கவைப்பதற்காக மட்டும் வரம்பைத் தாண்டலாம் என்ற விலக்கு லாரி பேர்டின் பெயரால் வழங்குகிறது. 2016இல் புதிய தொலைக்காட்சி ஒப்பந்தத்தால் வரம்பு 7 கோடி டாலரிலிருந்து 9.41 கோடி டாலருக்கு ஒரே ஆண்டில் தாவியது. முந்தைய பருவத்தில் 73 ஆட்டங்களை வென்றிருந்த கோல்டன் ஸ்டேட் அணிக்கு, அந்தத் தாவலினால்தான் கெவின் டுரான்டை அழைக்க இடம் கிடைத்தது. சமநிலைக்காக வகுத்த வரம்பு சமநிலையைக் கவிழ்த்த கதை அது.

நம் ஊர்க் கதைக்கு வருவோம். 2008 பிப்ரவரியில் ஐ.பி.எல்.லின் முதல் ஏலம் நடந்தபோது அணிக்கு 50 லட்சம் டாலர் வரம்பு. சச்சின் டெண்டுல்கர், சௌரவ் கங்குலி, ராகுல் திராவிட், யுவராஜ் சிங், சேவாக் ஆகிய ஐவரும் தத்தம் நகர அணிகளின் அடையாள வீரர்கள். அணியில் மிக அதிக விலை பெற்றவரைவிட 15 விழுக்காடு கூடுதலாக அவர்களுக்குத் தர வேண்டும். சென்னைக்கு அடையாள வீரர் இல்லை. தோனிக்காக மும்பையும் சென்னையும் மோதின. 15 லட்சம் டாலரில் சென்னை வென்றது. கணக்கைப் போட்டுப் பாருங்கள். அதே 15 லட்சத்துக்கு மும்பை அவரை எடுத்திருந்தால் டெண்டுல்கருக்கு 17.25 லட்சம் தர வேண்டியிருக்கும். இருவருக்கே 32.25 லட்சம், மீதமுள்ள 17.75 லட்சத்தில் ஓர் அணியையே கட்ட வேண்டும். சேப்பாக்கம் பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாகக் கொண்டாடிவரும் உறவின் தொடக்கத்தில் அன்பு எவ்வளவு இருந்ததோ நாம் அறியோம். 15 விழுக்காடு இருந்தது. வி.வி.எஸ். லக்ஷ்மண் தமக்கு வரவிருந்த அடையாள வீரர் தகுதியை விட்டுக்கொடுத்தார். டெக்கான் சார்ஜர்ஸ் ஏலத்தில் தாராளமாகச் செலவிட வேண்டும் என்பதற்காக. அதைப் பெருந்தன்மை என்று எழுதினார்கள். பெருந்தன்மைதான். ஆனால் தன் கூலியைக் குறைத்துக்கொண்டால்தான் தன் அணி நல்ல அணியாகும் என்ற நிலையில் ஒரு தொழிலாளியை நிறுத்தியது யார் என்று அன்று எவரும் கேட்கவில்லை.

இதுவரை சொன்னவை வரம்பு அணிகளின் தேர்வை எப்படி வளைக்கிறது என்பதற்கு. எமது சினம் அடுத்த இரு நிகழ்வுகளில் தொடங்குகிறது. இரண்டும் 2010இல் நடந்தவை.

அவ்வாண்டு ஜனவரி ஏலத்தில் அணி ஒன்று செலவிடக்கூடிய உச்சத் தொகை 7.5 லட்சம் டாலர். கீரன் பொல்லார்டுக்கு நான்கு அணிகள் அந்த உச்சத்தைத் தொட்டு நின்றன. வரம்பைத் தாண்ட முடியாதென்பதால் அணிகள் தனித்தனியே ஒரு தொகையை ரகசியமாக எழுதித் தந்தன. மிகுதியாக எழுதிய மும்பை அவரைப் பெற்றது. அந்தக் கூடுதல் தொகை யாருக்குப் போயிற்று? பொல்லார்டுக்கு அல்ல. ஏலத்தை நடத்திய அமைப்புக்கு. அவருக்கு 7.5 லட்சம்தான். ஷேன் பாண்டுக்கும் அவ்வாறே. சந்தையில் ஒருவருக்கு இவ்வளவு மதிப்பு என்று அணிகளே எழுதிக் காட்டிய பிறகும், வரம்புக்கு மேற்பட்ட மதிப்பு வரம்பை வகுத்தவரின் பெட்டிக்குள் விழுந்தது. பழங்கதை என்று தள்ள வேண்டாம். 2025 டிசம்பர் ஏலத்தில் கேமரூன் கிரீனைக் கொல்கத்தா 25.20 கோடிக்கு எடுத்தது. வெளிநாட்டு வீரருக்குச் சிறு ஏலத்தில் உச்சம் 18 கோடி என்ற விதியால் மீதி 7.20 கோடி கிரிக்கெட் வாரியத்துக்குப் போகிறது. அது வீரர் நலனுக்குச் செலவிடப்படும் என்கிறது விதி. எந்த வீரருடைய நலன் என்பதை அந்த வீரரைக் கேட்டா முடிவுசெய்தார்கள்?

இரண்டாவது நிகழ்வின் நாயகர் இதே ஜடேஜா. 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையை வென்ற கையோடு ராஜஸ்தானுக்கு வந்து, 2008 கோப்பையை வென்ற அணியில் ஆடியவர். புதிய ஒப்பந்தத்தில் கையெழுத்திடாமல் வேறு அணியுடன் நேரடியாகப் பேசினார் என்ற குற்றத்துக்காக 2010 பருவம் முழுவதும் அவர் தடைசெய்யப்பட்டார். அப்போது அவருக்கு 21 வயது. எந்தச் செயலைக் கூடைப்பந்து உலகம் சுதந்திர வீரரின் உரிமை என்று கொண்டாடுகிறதோ, அதே செயல் இங்கே ஓராண்டு வேலைநீக்கத்துக்குரிய குற்றம். மறு ஆண்டு கொச்சி அணி அவரை 9.5 லட்சம் டாலருக்கு வாங்கியது, அவ்வணி கலைந்தது. 2012இல் சென்னையும் டெக்கானும் 20 லட்சம் டாலரில் முட்டி நின்று, மீண்டும் அதே ரகசியச் சீட்டு. சென்னை எழுதிய தொகை வெளியிடப்படவில்லை. ஜடேஜாவின் விலை 20 லட்சம் என்றே நின்றது. 2011இல் மணீஷ் பாண்டே நான்கு ஆட்டங்களுக்கு விலக்கப்பட்டதும் இதே வகைக் குற்றத்துக்குத்தான். நாட்டுக்காக ஆடாத உள்ளூர் வீரர்களுக்கு அன்று ஏலமே கிடையாது. 10, 20, 30 லட்சம் என்று படிக்கட்டுக் கூலி. 2014இல்தான் அவர்கள் ஏலத்துக்குள் வந்தார்கள்.

ஏலம் வந்தபின் சுதந்திரம் வந்துவிட்டதே என்பவர்கள், சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டி நடராஜனின் கணக்கைப் பார்க்கட்டும். கூலிக் குடும்பத்தில் பிறந்த அந்த இடக்கை வேகப்பந்து வீச்சாளரை 2017இல் பஞ்சாப் மூன்று கோடிக்கு எடுத்தது. 2018இல் ஹைதராபாத் எடுத்தது 40 லட்சத்துக்கு. அந்த விலையிலேயே 2020 பருவத்தில் யார்க்கர்களாக வீசி 16 விக்கெட்டுகள் எடுத்தார். அந்தக் குளிர்காலத்தில் ஆஸ்திரேலியப் பயணத்தில் மூன்று வகைப் போட்டிகளிலும் இந்தியாவுக்காக அறிமுகமானார். ஒப்பந்தத்தை நீட்டிப்பதா, விடுவிப்பதா என்பது அணியின் விருப்பம். வீரர் தாமாக வெளியேறி விலை கேட்க வழியில்லை. அவர் மீண்டும் சந்தைக்கு வந்தது 2022 பெரிய ஏலத்தில். அப்போது நான்கு கோடி. 2024 நவம்பரில் ஜித்தாவில் நடந்த ஏலத்தில் 10.75 கோடி. வேகப்பந்து வீச்சாளரின் முழங்காலும் தோளும் அடுத்த ஏலம் வரும்வரை காத்திருக்கும் என்று எந்த விதிப்புத்தகமும் உறுதி தரவில்லை. அவருடைய மிகச் சிறந்த பருவம் மிக மலிவான பருவமாக அமைந்தது தற்செயல் அல்ல. மலிவான நல்ல வீரரைக் கையில் வைத்திருப்பதுதான் உச்சவரம்பின் கீழ் ஓர் அணியின் மிகப் பெரிய செல்வம்.

மறுபக்கம் தோனி. 2019 ஜூலைக்குப் பிறகு நாட்டுக்காக ஆடவில்லை. ஐந்து ஆண்டுகள் சர்வதேசப் போட்டி ஆடாத இந்தியர் 'அறிமுகமாகாத வீரர்' எனக் கருதப்படலாம் என்ற பழைய விதி, 2021இல் கைவிடப்பட்டது, 2024இல் திரும்பி வந்தது. இரண்டு உலகக் கோப்பைகளை வென்ற தலைவர் அறிமுகமாகாதவராகி, 4 கோடிக்குத் தக்கவைக்கப்பட்டார். முந்தைய ஒப்பந்தத்தில் அவருக்கு 12 கோடி. ருதுராஜ் 18, ஜடேஜா 18, பதிரானா 13, துபே 12, தோனி 4 என 65 கோடி போக, 120 கோடியில் சென்னைக்கு மிஞ்சியது 55 கோடி. அதில்தான் அஸ்வினை 9.75 கோடிக்கு எடுத்தார்கள். தோனி இதனால் ஏழையாகவில்லை. அவருக்காக நாங்கள் கண்ணீர் விடவும் இல்லை. ஆனால் ஒரு சொல்லின் பொருளை மாற்றி ஒருவரின் விலையை மாற்ற முடியும் என்றால், அகராதியை வைத்திருப்பவர் யார் என்று இலக்கிய வாசகர்களாவது கேட்க வேண்டாமா?

இனி எதிர்வாதத்துக்கு. வரம்பு இல்லையேல் மும்பையும் கொல்கத்தாவும் எல்லாரையும் வாங்கிவிடும், ராஜஸ்தான் போன்ற சிறு அணி தேறாது, ஆட்டம் சப்பென்றாகிவிடும் என்கிறார்கள். இதை நாம் மறுக்கவில்லை. 2008 ஏலத்தில் குறைவாகச் செலவிட்ட ராஜஸ்தான்தான் இறுதிப் போட்டியில் சென்னையை வீழ்த்தியது. வரம்பு கூடாது என்பது எமது வாதமும் அன்று. வரம்பு எவர் மேசையில் வகுக்கப்பட்டது என்பதே கேள்வி.

1964 ஜனவரியில் பாஸ்டனில் என்.பி.ஏ. நட்சத்திர ஆட்டம். முதன்முறையாக நாடு முழுவதும் முன்னிரவில் தொலைக்காட்சி ஒளிபரப்பு காத்திருக்கிறது. வீரர்கள் உடைமாற்றும் அறையை விட்டு வெளியே வர மறுத்தார்கள். ஓய்வூதியத்துக்கு உறுதி தந்தால்தான் ஆட்டம் என்றார்கள். முதலாளிகள் அறைக்கு வெளியே நின்று மிரட்டிப் பார்த்துப் பிறகு இணங்கினார்கள். 1970இல் சங்கத் தலைவர் ஆஸ்கர் ராபர்ட்சன் பெயரால் வழக்கு, 1976இல் உடன்பாடு, வீரர் அணி மாறும் உரிமையின் கதவு திறந்தது. அதன் பிறகுதான், 1983இல், வருவாயில் இத்தனை பங்கு எங்களுக்கு என்று எழுதி வாங்கிக்கொண்டு சம்பள உச்சவரம்புக்கு வீரர் சங்கம் கையெழுத்திட்டது. இன்று கூடைப்பந்து சார்ந்த வருவாயில் 49 முதல் 51 விழுக்காடு வீரர்களுக்கு. அங்கும் குறைகள் உண்டு. மிகச் சிறந்த வீரருக்கும் வரம்பில் 35 விழுக்காட்டுக்கு மேல் கிடையாது என்பதால் அவர் தம் மதிப்புக்குக் குறைவாகவே பெறுகிறார். ஆனால் அந்தக் குறையை அவருடைய சங்கம் பேசி ஏற்றது. அடுத்த பேச்சுவார்த்தையில் மாற்றவும் கேட்கலாம்.

இங்கே? இந்தியக் கிரிக்கெட் வீரர் சங்கம் என்று 2019இல் ஒன்று அமைந்தது. அது ஓய்வு பெற்றவர்களுக்கானது. ஆடிக்கொண்டிருக்கும் இந்திய வீரர்களுக்கென்று, ஊதிய வரம்பைப் பற்றி வாரியத்துடன் பேரம் பேசும் சங்கம் கிடையாது. 2023 முதல் 2027 வரை ஐந்து பருவங்களின் ஒளிபரப்பு உரிமை 48,390 கோடி ரூபாய்க்கு விற்கப்பட்டது. ஆண்டுச் சராசரி 9,678 கோடி. 2025இல் ஓர் அணியின் மொத்த ஊதிய வரம்பு, ஆட்டத்துக்கு 7.5 லட்சம் என்று புதிதாக வந்த ஆட்டக் கூலியையும் சேர்த்து, 146 கோடி. பத்து அணிக்கும் 1,460 கோடி. ஒளிபரப்புப் பணத்தை மட்டுமே கணக்கில் கொண்டாலும் ஏறத்தாழ 15 விழுக்காடு. நுழைவுச்சீட்டு, சட்டை விளம்பரம் எதையும் நாம் சேர்க்கவில்லை. இந்த 15, பேரத்தில் வந்த எண் அல்ல. அறிவிப்பில் வந்த எண். ஏலத்தில் வீரர் தாமே தீர்மானிப்பது அடிப்படை விலை ஒன்றைத்தான். அதையும் தரப்பட்ட பட்டியலிலிருந்து எடுக்க வேண்டும். எடுத்தபின் வர மறுத்தால் என்ன ஆகும் என்பதை 2025இல் டெல்லி அணியிலிருந்து விலகி இரண்டு ஆண்டுத் தடை பெற்ற ஹாரி புரூக்கைக் கேட்கலாம். தொடருக்குச் சற்று முன்பு விலகி அணியைத் தவிக்க விடுவது சரியா என்பது நியாயமான கேள்வி. ஆனால் மேசையில் அந்தக் கேள்வியைக் கேட்கும் தரப்பு மட்டுமே அமர்ந்திருக்கிறது.

கோடீசுவரர்களுக்காக ஆரணிக்காரர்கள் ஏன் வரிந்துகட்ட வேண்டும் என்று ஒரு நண்பர் எள்ளலாகக் கேட்டார். தொகையில் மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு உண்டு. ஜடேஜாவின் 14 கோடி எந்தத் தறிக்காரரின் கனவிலும் வராது. ஆனால் கடையில் அணி நிர்வாகத்தின் கணக்கை மெச்சிய கட்சியில் இரண்டு பேர் தறிக்காரர்கள். "கொடுக்கிறதைக் கொடுத்தாங்க, போறவரு போறாரு" என்றார் அவர்களுள் மூத்தவர். தமக்கே தாம் ஒவ்வொரு ஆண்டும் சொல்லிக்கொள்ளும் வாக்கியம் அது என்பதை அவர் கவனித்ததாகத் தெரியவில்லை. கூலி உயர்வு கேட்டுத் தறியை நிறுத்திய நாட்களும் அவருக்கு நினைவிருக்கும்; அன்று அவர் இப்படிப் பேசியிருக்க மாட்டார். ஒவ்வொரு ஏலத்தையும் முதலாளியின் நாற்காலியில் அமர்ந்து பார்க்கத் தொலைக்காட்சி நம்மைப் பழக்கியிருக்கிறது. கையிருப்பு எவ்வளவு, மலிவாகக் கிடைத்தவர் யார், கழற்றிவிட வேண்டியவர் யார் என்று நாமும் எண்ணுகிறோம். மறுநாள் காலை தறிக்குழியில் கால் வைக்கும்போதும் அந்தக் கண் நம்மோடு வருகிறது.

2027உடன் இந்த ஒளிபரப்பு ஒப்பந்தமும் இந்த ஏலச் சுழற்சியும் முடிகின்றன. 2028க்கான வரம்பு, தக்கவைப்புப் படிகள், யார் அறிமுகமானவர் யார் ஆகாதவர் என்ற வரையறை எல்லாம் அதற்கு முன் எழுதப்படும். வரம்பு வருவாயின் விழுக்காடாக இருக்க வேண்டும். மூன்று ஆண்டு ஒரே அணியில் ஆடியவருக்குத் தாமே வெளியேறி எந்த அணியுடனும் பேசும் உரிமை வேண்டும். வரம்புக்கு மேற்பட்டு ஓர் அணி எழுதிய பணம் எழுதப்பட்டவருக்கே சேர வேண்டும். இவற்றைக் கேட்க ஆடும் வீரர்களின் சங்கம் ஒன்று அந்த மேசையில் அமர வேண்டும். எங்களுள் ஒருவர் இதைக் கடையில் சொன்னபோது, தொலைக்காட்சியில் அடுத்த ஏலத்துக்குச் சென்னையின் கையிருப்பு எவ்வளவு என்ற விவாதம் தொடங்கியிருந்தது. ஒலியைக் கூட்டச் சொன்னார்கள்.